ஆறாப் புண்ணும் தோல் ஒட்டும்

உடலுக்கு அரணாய் நிற்பது தோல். அவ்வரண் காலிற் சிதைந்து, திங்கள் பல கழிந்தும் மூடாதிருப்பின் அதனை ஆறாப் புண் என்பர். கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்திலேயே இது பெரிதும் தோன்றும். குருதியை இதயத்திற்கு மீட்டுச் செல்லும் சிரைகளின் கதவுகள் பழுதுற்று, அது காலிலே தேங்குவதே இதற்குப் பெருங்காரணம். நீரிழிவு, தமனியடைப்பு, தொழுநோய் ஆகியனவும் காரணமாகலாம்.

புண்ணின்மேல் சிறு தோல் துண்டுகளை வைத்து ஆற்றலாம் என்பதை 1869-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ரெவர்தன் என்பார் காட்டினார். 1874-இல் ஜெர்மானிய அறிஞர் தீர்ஷ் மெல்லிய, அகன்ற தோலை ஒட்டும் முறையை வகுத்தார். அங்ஙனமாயின், நோயாளி வந்த அன்றே தொடைத்தோலை எடுத்து ஒட்டிவிடலாகாதோ எனின், ஆகாது. அதன் காரணத்தையே யாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வெட்டியெடுத்த தோலுக்குத் தன் குருதியோட்டம் இல்லை. முதல் இரண்டு நாளும் அது புண்ணிற் கசியும் நீரை உண்டே உயிர் தரிக்கும். பின்னரே கீழுள்ள நுண்குழல்கள் அதனோடு இணையும். இடையே சீழ் தேங்கினால் தோல் பெயர்ந்து மடியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்துள் ஒருவகைக் கிருமி, தோலைப் பசைபோற் பிணிக்கும் பைப்ரினையே கரைத்துவிடும். ஆதலின், அஃது உள்ளவரை தோல் ஒட்டுதல் கூடாது. பெனிசிலின் முதலிய மருந்துகளால் அதனை முதலில் ஒழித்தல் வேண்டும். பிற கிருமிகளும் ஒரு கிராம் தசையில் ஒரு லட்சத்திற்கு மிகுந்திருப்பின் ஒட்டு தவறுதல் இயல்பென 1960-களில் ஆராய்ந்தோர் கண்டனர்.

ஆகவே, செய்யத்தக்கன நான்கு. முதலாவது, கிருமிகளின் உறைவிடமாகிய செத்த தசையை நீக்குதல். இரண்டாவது, புண்ணைக் கழுவிக் கசிவை உறிஞ்சும் கட்டிடுதல். பசுமை நிறச் சீழ் விளைக்கும் ஸூடோமோனாஸ் கிருமிக்கு நீர்த்த அசெட்டிக் அமிலம் பயன்படும். மூன்றாவது, கிருமி இன்னதெனச் சோதித்தறிதல். புண்ணின் மேற்பரப்பிற் கிருமி தங்குவது வேறு. தசையுட் புகுந்து தாக்குவது வேறு. சுற்றிலும் சிவந்து, வீங்கி, காய்ச்சல் காணின் உட்கொள்ளும் மருந்து இன்றியமையாதது. நான்காவது, மூலகாரணத்தைத் திருத்துதல். சிரைப்புண்ணாயின் காலை உயர்த்தி வைத்து அழுத்தக் கட்டிடல் வேண்டும். ஆயின், தமனி ஓட்டத்தை முன்னரே சோதித்தறியாது இறுகக் கட்டின் காலுக்கே கேடு விளையும். நீரிழிவையும் அடக்கி, நல்லுணவும் ஊட்டுதல் வேண்டும்.

இவ்வாறு பேணப்பட்ட புண், நாற்றம் நீங்கி, கசிவு குறைந்து, மாதுளை முத்தனைய செந்நிறத் தளம் பெறும். அதுவே ஒட்டுதற்குரிய காலம். சேற்றைப் பண்படுத்தாது நாற்று நடுவார் யாருளர்?

நாட்கூலியால் வாழ்பவனுக்கு இக்காத்திருப்பு பெருந்துன்பமே. எனினும், தோலெடுத்த இடமும் ஒரு புண்ணேயன்றோ? அவசரத்தால் ஒட்டுத் தவறின், ஒரு புண்ணோடு வந்தவன் இரு புண்ணோடு செல்வான். ஒட்டுப் பற்றிய பின்னரும் அழுத்தக் கட்டைக் கைவிட்டால் சிரைப்புண் மீளவும் தோன்றும். இவற்றை நோயாளிக்குப் பொறுமையுடன் எடுத்துரைத்தலும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பது எம் துணிபு.