நெய்வேலிச் சுரங்கமும் சுற்றியுள்ள ஊர்களும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1956-இல் தொடங்கப்பட்ட என்.எல்.சி. நிறுவனம், பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டி எடுக்கிறது. அதற்காக, மேலே இருக்கும் வயலும் வீடும் குளமும் முதலில் காலியாக வேண்டும். சுற்றியுள்ள ஊர்களுக்குச் சுரங்க நிறுவனம் ஆற்ற வேண்டிய கடமையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இழப்பீட்டுத் தொகை சில ஆண்டுகளில் கரைந்துவிடும். நிலமோ தலைமுறைக்கும் சோறு போட்டது. அதனால்தான் நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்கின்றன. ஒப்பந்தக் கூலி வேலை அதற்கு ஈடாகாது. நிலத்தைக் கையகப்படுத்தும் முறையிலும் மனிதத்தன்மை வேண்டும். 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, முன்பே கையகப்படுத்திய நிலத்தில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுவடை வரை பொறுத்திருந்தால் அந்த வேதனையே நேர்ந்திருக்காது.

அடுத்தது தண்ணீர். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு தேங்கியிருக்கிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது என்பது சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் குறை. இறைத்த நீரை மீண்டும் வயலுக்குத் திருப்புவதே இதற்குச் சரியான பரிகாரம். அதற்கு வழியும் இருக்கிறது: தூர்ந்துபோயிருந்த வாலாஜா ஏரி என்.எல்.சி. நிதியில் தூர்வாரப்பட்டு, இப்போது சுரங்க நீரைப் பாசனத்துக்குத் தருகிறது. ஒரு நிறுவனம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இத்தகையது.

நிலக்கரி தீர்ந்த குழியை மூடி, மேல்மண்ணைப் பரப்பி, மீண்டும் பயிரிடத் தக்கதாக்குவதும் நிறுவனத்தின் பொறுப்பே. மரம் நடுவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

பணத்துக்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, ராயல்டியோடு கூடுதலாக ஒரு தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செல்கிறது. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு அதில் முன்னுரிமை உண்டு.

ஆனால் எந்த ஊருக்கு எது தேவை என்பதை அந்த ஊரார்தான் சொல்ல வேண்டும். பழங்குடியினருக்கான அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதிகள் இல்லை. எனவே நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் செலவுத் திட்டங்களைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற, நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் தாமாகவே முன்வர வேண்டும்.