அடுத்த யூடி எப்போ? – இணையத் தொடர்கதைக்கு வாசகர்கள் எப்படிச் சேர்றாங்க

போன வாரம் அரூர்ல இருந்து ஒரு தோழி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அக்கா, ஒரு வருஷமா பிரதிலிபியில எழுதறேன். 11 கதை போட்டாச்சு. ஃபாலோயர்ஸ் 40 பேர். அதுல பாதி எங்க சொந்தக்காரங்க. மத்தவங்களுக்கு மட்டும் எப்படிக்கா ஆயிரக்கணக்குல வர்றாங்க?" இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்விதான்.

அவங்க பக்கத்துக்குப் போய் உட்கார்ந்து படிச்சேன். எழுத்து நல்லாவே இருக்கு. ஒரு கதையில புளி உலுக்கற நாள்ல மாமியாரும் மருமகளும் பேசாமலே சண்டை போட்டுக்குவாங்க. அதைப் படிச்சிட்டு நானே சிரிச்சேன். ஆனா அந்த 11 கதையில "முற்றும்"னு போட்டது ரெண்டே ரெண்டு. மீதி 9 கதையும் அஞ்சாவது, ஆறாவது அத்தியாயத்துல நின்னு போச்சு. ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டேன். "யாருமே படிக்கலக்கா, அதான் வேற ஆரம்பிச்சேன்"னாங்க. படிக்கறவங்க பக்கத்துல இருந்து பார்த்தா கதை தலைகீழா இருக்கு. முடிக்காத கதை 9 கிடக்கற பக்கத்துல பத்தாவதை நம்பி யார் ஆரம்பிப்பாங்க?

தொடர்கதை நமக்குப் புதுசு இல்ல. கல்கி "பொன்னியின் செல்வ"னை 1950ல இருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார். அப்போ வாசகரைச் சேர்க்கற வேலையில பாதியைப் பத்திரிகையே பார்த்துக்கிச்சு. இதழ் எந்தக் கிழமை கடைக்கு வரும்னு ஊருக்கே தெரியும். பிரதிலிபி 2014ல பெங்களூர்ல ஆரம்பிச்சது. அதுல எடிட்டர் கிடையாது, யார் வேணும்னாலும் எழுதலாம். வாட்பேட் அதுக்கும் முன்னாடி, 2006ல கனடாவுல தொடங்கினது, அங்கயும் அப்படித்தான். வாசல்ல காவல் இல்லைங்கறது நல்ல விஷயம். ஆனா இதழ் வர்ற கிழமைன்னு ஒண்ணு இருந்துச்சே, அதையும் சேர்த்து நாமதான் உண்டாக்கணும்.

இதுக்கு எங்க மாவட்டத்தோட கொஞ்சம் தொடர்பு இருக்கற ஒரு உதாரணம் சொல்றேன். எழுத்தாளர் ஜெயமோகன் குமரி மாவட்டத்துக்காரர்; 1990கள்ல தருமபுரியில தொலைபேசித் துறையில வேலை பார்த்தவர். அந்தக் காலத்துல ஒரு எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடுவுல இருந்தது தபால்தான். கதை சிற்றிதழ்ல வரும், படிச்சவர் கார்டு போடுவார், பதில் போகும். அதே ஆள் 2014 ஜனவரி 1ஆம் தேதி "வெண்முரசு"ன்னு மகாபாரதத்தை நாவல் வரிசையா தன்னோட இணையதளத்துல எழுத ஆரம்பிச்சார். தினம் ஒரு அத்தியாயம். 2020 ஜூலையில முடிச்சார். மொத்தம் 26 நாவல். ஒரு நாவல் முடிஞ்சா இடைவெளி விடுவார், அடுத்தது எப்போன்னு சொல்லிடுவார். ஆரம்பிச்சுட்டா தினமும் வரும். வாசகர்கள் அதுக்கேத்த மாதிரி தங்களோட நாளை அமைச்சுக்கிட்டாங்க. காலையில எழுந்ததும் முதல் வேலையா அதைப் படிக்கறவங்களை எனக்கே தெரியும்.

"அக்கா, அவருக்கு ஏற்கெனவே பேர் இருந்துச்சு"ன்னு சொல்வீங்க. சரிதான். 2014ல அவர் புது ஆள் இல்ல, "விஷ்ணுபுரம்" வெளிவந்தது 1997ல. நமக்கு அந்தப் பேர் கிடையாது, அவர் வேகமும் கிடையாது. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைங்க பரீட்சை எல்லாம் பார்த்துட்டு தினம் ஒரு அத்தியாயம் யாராலயும் முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. நான் கவனிக்கச் சொல்றது வேற ஒண்ணை. பேர் இருக்கறவரே வாசகர் கடிதத்தைத் தன் தளத்துல வெளியிட்டு, பதிலும் எழுதிட்டு இருந்தார். கடிதம் எழுதினவங்க ஒருத்தரை ஒருத்தர் படிச்சாங்க, அப்புறம் நேர்ல சந்திச்சாங்க. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் அப்படி வாசகர்களும் நண்பர்களும் சேர்ந்து உருவானதுதான். 2010ல இருந்து மூத்த எழுத்தாளர்களுக்கு விருது கொடுக்கறாங்க. அதாவது, வாசகர் எழுத்தாளரோட மட்டும் பேசிட்டு இருந்தா அது ஒரு வரிசை. வாசகர் இன்னொரு வாசகரோட பேச ஆரம்பிச்சாத்தான் அது ஒரு கூட்டம்.

இப்போ நம்ம உலகத்துக்கு வருவோம். தமிழ்ல குடும்ப நாவல், காதல் நாவல் எழுதற பெண்களோட தளங்கள் பதினஞ்சு வருஷத்துக்கும் மேலயே நடந்துட்டு இருக்கு. அங்க அத்தியாயத்துக்குப் பேரே "யூடி". "அடுத்த யூடி எப்போ சிஸ்?"னு ஒருத்தர் கேட்டுட்டாப் போதும், அன்னைக்குச் சோறு இறங்கும். இந்தத் தளங்களைக் கேலி பண்றவங்க இருக்காங்க. பண்ணட்டும். ஒரு கதையை 50, 60 அத்தியாயம் நகர்த்தி, மாசக்கணக்குல ஆளுங்களைத் திரும்பத் திரும்ப வரவைக்கற வித்தை அங்கதான் இருக்கு.

அங்க நான் கத்துக்கிட்டது என்னன்னா, கிழமையைச் சொல்லணும். திங்கள், வியாழன்னு முடிவு பண்ணினா ராத்திரி 9 மணிக்குன்னு நேரத்தையும் சொல்லிடணும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கையில 8, 10 அத்தியாயம் எழுதி வச்சுக்கணும். காய்ச்சல் வரும், கரண்ட் போகும், வீட்டுல விசேஷம் வரும். அந்தப் பத்துதான் அப்போ காப்பாத்தும். வர முடியலைன்னா ரெண்டு வரி போட்டுச் சொல்லிடணும். "இந்த வியாழன் யூடி இல்ல, திங்கள் கட்டாயம் வரும்." சொல்லாம காணாமப் போறதை மட்டும் வாசகர்கள் மன்னிக்கறதில்ல.

அத்தியாயம் எவ்வளவு நீளம்னு நிறைய பேர் கேக்கறாங்க. இதைப் படிக்கறது போன்ல. பாலக்கோட்டுல பஸ் ஏறி ஓசூர் கம்பெனிக்குப் போற பொண்ணு அந்தப் பயணத்துல படிக்கறா. சோறு வேகற நேரத்துல ஒருத்தங்க படிக்கறாங்க. ஒரே மூச்சுல முடிக்கற அளவு இருந்தாப் போதும். 1000 வார்த்தையைச் சுத்தி இருந்தா எனக்குச் சரியா வருது.

அடுத்தது, கமெண்ட். வர்ற ஒவ்வொண்ணுக்கும் பதில் போடுங்க, "நன்றி சிஸ்"ங்கறதோட நிறுத்தாம. அவங்க எந்த இடத்தைச் சொன்னாங்களோ அந்த இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை. அதே மாதிரி மத்தவங்க கதையைப் படிங்க, படிச்சதை அங்க எழுதுங்க. "என் கதையையும் வந்து பாருங்க"ன்னு அடுத்தவங்க திண்ணையில போய்க் கத்தாதீங்க. அது நான் ஆரம்பத்துல செஞ்ச தப்பு, ஒரு அக்கா இன்பாக்ஸ்ல வந்து நாசூக்கா கண்டிச்சாங்க. படிச்சுட்டுப் பேசாமப் போற சைலன்ட் ரீடர்ஸைத் திட்டிப் பதிவு போடறதும் வேண்டாம். அவங்கதான் பெரும்பாலானவங்க. சில பேருக்கு வீட்டுல போனே சொந்தமா இருக்காது. புருஷனோட ஐடியில இருந்து என்ன கமெண்ட் போடுவாங்க?

இது வரைக்கும் சொன்னது எல்லாம் யாரும் செய்யக்கூடியது. கஷ்டமானது இனிமேதான்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு தளத்துல ஒரு கதை எழுதினேன். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். பதினாறு வயசுல கல்யாணம் பண்ணி வச்ச ஒரு பொண்ணு. குழந்தைத் திருமணம் எங்க மாவட்டத்துல இன்னும் பேசித் தீராத பிரச்சினை, அதனால அந்தப் பொண்ணைத் தேடிப் போக வேண்டிய அவசியம் எனக்கு இருக்கல. பத்தொன்பது வயசுல அவ புருஷன் வீட்டை விட்டு வெளிய வர்றா, ஓசூர்ல வேலைக்குச் சேர்றா. திரும்பிப் போகவே மாட்டா. இதுதான் நான் நினைச்சிருந்த முடிவு.

20 அத்தியாயம் தாண்டினப்போ கூட்டம் நல்லா சேர்ந்துடுச்சு. கூடவே கமெண்டும் சேர்ந்துச்சு. "ஹீரோ பாவம் சிஸ்." "அவனுக்கு ஒரு சான்ஸ் கொடுங்க." "ரெண்டு பேரையும் சேத்து வைங்க, இல்லைன்னா படிக்க மாட்டேன்." நான் அவனை ஹீரோன்னே நினைச்சு எழுதல. ஆனா ஒவ்வொரு யூடிக்கும் எண்ணிக்கை ஏறிட்டு இருந்தது, கை தானா அந்தப் பக்கம் போச்சு. அவனுக்கு ஒரு விபத்து வச்சேன். அவ ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அந்த அத்தியாயம்தான் நான் அதுவரைக்கும் எழுதினதுலயே அதிகம் படிக்கப்பட்டது.

அன்னைக்கு ராத்திரி ஒரு கமெண்ட் வந்துச்சு. முதல் அத்தியாயத்துல இருந்து வர்றவங்க, அதிகம் பேச மாட்டாங்க. ஒரு தடவை மட்டும் என் தப்பைத் திருத்தியிருக்காங்க. கதையில அந்தப் பொண்ணு பாலக்கோட்டுல இருந்து கிருஷ்ணகிரி போய் ஓசூர் போறதா எழுதிட்டேன். "நேரா மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியா பஸ் இருக்கே அக்கா, நான் அதுலதான் போறேன்"னு எழுதினாங்க. உடனே மாத்தினேன். அவங்கதான் இப்போ எழுதியிருந்தாங்க: "அவ என்னை மாதிரி இருந்தாக்கா. இப்போ இல்ல." அதுக்கப்புறம் அவங்க வரவே இல்ல.

ரெண்டு நாள் எனக்கு எழுத ஓடல. அப்புறம் அந்தக் கதையை நடுவுலயே நிறுத்திட்டேன், அது அடுத்த தப்பு. யாருக்கும் சொல்லல. ஆறு மாசம் கழிச்சு வேற கதையோட வந்தப்போ முன்னாடி இருந்த கூட்டத்துல கால்வாசிகூட இல்ல.

வாசகர் சொல்றதைக் கேக்கணுமா வேண்டாமாங்கறதுக்கு அப்போ இருந்து நான் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். அமெரிக்காவுல ஆண்டி வியர்னு ஒரு சாஃப்ட்வேர்காரர் "தி மார்ஷியன்"ங்கற நாவலைத் தன் இணையதளத்துல அத்தியாயம் அத்தியாயமா இலவசமாப் போட்டார். செவ்வாய்க் கிரகத்துல தனியா மாட்டிக்கிட்ட ஒருத்தன் கதை. படிச்சவங்கள்ல அறிவியல் தெரிஞ்சவங்க அதுல இருந்த கணக்குத் தப்பை, வேதியியல் தப்பைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்தினார். கிண்டில்ல படிக்க வசதியா வேணும்னு வாசகர்கள் கேட்டாங்க, 99 சென்ட்டுக்குப் போட்டார். 2014ல பெரிய பதிப்பகம் புத்தகமாக் கொண்டு வந்துச்சு, 2015ல படமும் வந்துச்சு. ராயக்கோட்டை பஸ் எனக்கு வந்த மாதிரிதான் அது. தகவல் தப்புன்னு வாசகர் சொன்னா கையெடுத்துக் கும்பிட்டுத் திருத்துவேன். ஒரு இடம் புரியலைன்னு மூணு பேர் சொன்னா திரும்ப எழுதுவேன். ஆனா ஒருத்தி வீட்டுக்குத் திரும்பிப் போவாளா மாட்டாளாங்கறதுக்கு ஓட்டெடுப்பு கிடையாது. அந்த முடிவை முதல் யூடி போடறதுக்கு முன்னாடியே ஒரு நோட்டுல எழுதி வச்சுடறேன். மாறலாம், மாறும், ஆனா மாத்தறது கதையா, கமெண்டான்னு அந்த நோட்டைப் பார்த்தா தெரிஞ்சுடும்.

பணம் பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா மெசேஜ்ல அதுவும் இருந்தது. கதை முடிஞ்சதும் பல பேர் "இந்தத் தேதியில லிங்க் எடுத்துடுவேன், அதுக்குள்ள படிச்சுடுங்க"ன்னு போடறதைப் பார்த்திருப்பீங்க. அது பிகு இல்ல. அமேசான்ல கிண்டில் அன்லிமிடெட்ல மின்னூல் சேர்த்தா, ஆளுங்க படிக்கற பக்கத்துக்கு ஏத்த மாதிரி காசு வரும். ஆனா அதுல சேர்ந்திருக்கற 90 நாளும் அந்த மின்னூல் வேற எங்கயும், இலவசமாகூட, இருக்கக் கூடாது. அதனாலதான் எடுக்கறாங்க. எடுக்கறதுக்குக் குறைஞ்சது பத்து நாள் அவகாசம் கொடுங்க. ராத்திரியோட ராத்திரியா எடுத்தா, பாதி படிச்சவங்க டெலிகிராம்ல திருட்டு பிடிஎஃப் தேடிப் போவாங்க, அது நம்ம வயித்துலதான் அடிக்கும்.

என்னோட அந்தப் பென்னாகரம் கதையைப் போன தை மாசம் முதல்ல இருந்து ரீரன் போட்டேன். விபத்தை எடுத்துட்டேன். அவ திரும்பிப் போகல. முதல் தடவை வந்ததுல பாதிப் பேர்கூட வரல. இருந்தவங்க கடைசி வரைக்கும் இருந்தாங்க, முடிவுக்காக ரெண்டு பேர் கமெண்ட்ல சண்டைகூட போட்டுக்கிட்டாங்க. நான் நடுவுல போகல. பஸ்ஸைத் திருத்தினவங்க வந்தாங்களான்னு தெரியல. 'முற்றும்' போட்ட அன்னைக்கு ராத்திரி வெகு நேரம் பார்த்துட்டு இருந்தேன்.

அரூர் தோழிக்கு: அந்தப் புளி உலுக்கற கதையை எடுங்க. 6ஆவது அத்தியாயத்துல நிக்குது. புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம். இன்னும் 10 அத்தியாயம் எழுதி வச்சுட்டு, "இந்த ரெண்டு கிழமை வரும்"னு ஒரு வரி போட்டுட்டு ஆரம்பிங்க. அந்த 40 பேர்ல சொந்தக்காரங்க இல்லாதவங்க 20 பேர் இருக்காங்களே, அவங்களுக்கு நோட்டிஃபிகேஷன் போகும். மருமக என்ன ஆனான்னு எனக்கும் தெரியணும்.

அடுத்த எபிசோடுல அட்டைப்படம், தலைப்பு பத்திப் பேசலாம்.