பூட்டு திரையில், சாவி தலைக்குள்

வீடியோ கேம் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களின் மனதில் எழும் சித்திரம் ஒன்றுதான்: துப்பாக்கிச் சத்தம், ஓயாத விரல் வேகம், தூக்கம் கெட்ட கண்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2023-ல் சட்டம் கொண்டுவந்த காலத்தில், திரையில் ஆடும் எல்லாமே ஏறக்குறைய சூதாட்டம்தான் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டது. இந்தச் சித்திரத்துக்குள் அடங்காத ஒரு வகை நெடுநாளாக இருந்துவருகிறது. டிவியோடு இணைக்கும் கன்சோல் பெட்டியில், ஹாலில் உட்கார்ந்து ஆடும் புதிர்ப் பயண விளையாட்டுகள் அவை. ஓர் உலகத்துக்குள் நடக்கிறோம், வழி அடைத்துக்கொள்கிறது, யோசித்துத் திறக்கிறோம். கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த வகை பெற்ற உண்மையான வளர்ச்சி படத்தின் அழகிலோ ஒலியின் துல்லியத்திலோ இல்லை என்பது என் கருத்து. சாவி இடம் மாறியிருக்கிறது, அதுதான் வளர்ச்சி. அன்று திரையில் தெரியும் பாத்திரத்தின் கையில் இருந்த சாவி, இன்று ஆடுகிறவரின் தலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் சாவி என்பது நிஜமாகவே சாவிதான். 1980-ல் அட்டாரி கன்சோலுக்கு வெளிவந்த 'அட்வென்ச்சர்' விளையாட்டில் நாயகன் ஒரு சின்னச் சதுரம், அவ்வளவுதான். மஞ்சள், வெள்ளை, கறுப்பு என மூன்று கோட்டைகள். அந்தந்த நிறச் சாவி அந்தந்தக் கோட்டையைத் திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் தூக்க முடியும். சாவியை எடுத்தால் வாளைக் கீழே வைக்க வேண்டும். வாளை வைத்துவிட்டால் டிராகன் விழுங்கிவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற இந்த ஒரு கேள்வியே ஆட்டத்தைச் சுவையாக்கியது. இதை எழுதிய வாரன் ராபினெட்டிடம் இருந்த இடம் மொத்தம் 4 கிலோபைட். விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயரை நிறுவனம் வெளியிடாத காலம் அது. அதனால் அவர் தன் பெயரை ஆட்டத்துக்குள்ளேயே ஒரு ரகசிய அறையில் ஒளித்துவைத்தார். அதைத் திறக்கும் பொருள், பின்னணியோடு கலந்து கண்ணுக்கே தெரியாத ஒரு சாம்பல் புள்ளி. அப்படி ஒன்று இருக்கிறது என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. சுவர்களைத் தடவிப் பார்த்து, சந்தேகப்பட்டு, சோதித்துக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும் அந்த அறை திறந்தது. பிற்காலத்தில் இந்த வகை எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதற்கான அறிகுறி அந்தப் புள்ளியிலேயே இருந்தது.

1986-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'த லெஜண்ட் ஆஃப் செல்டா' இந்தப் பாதையை அகலப்படுத்தியது. ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்துவைக்கும் வசதி அதில் இருந்ததால், ஒரே மூச்சில் முடித்தாக வேண்டிய கட்டாயம் போயிற்று. ஒரு புதிரை மனதில் போட்டு மறுநாள் வரை ஊறவைக்க முடிந்தது. ஆனால் அதன் புதிர்களில் பல, நேர்மையானவை அல்ல. எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும், எந்தப் பாறையில் வெடி வைத்தால் குகை திறக்கும் என்பதற்குப் பல இடங்களில் குறிப்பே இல்லை. எல்லாவற்றையும் எரித்துப் பார்க்க வேண்டியதுதான். அதைப் புதிர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடை தெரிந்ததும் 'அடடா, இது கண்முன்னாலேயே இருந்ததே' என்று தோன்றினால்தான் அது புதிர். 'இதை எப்படி ஒருவர் கண்டுபிடிப்பார்?' என்று தோன்றினால் அது வெறும் குருட்டடி.

அதே வரிசையில் 1998-ல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' இந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்தது. அதன் முதல் நிலவறை ஒரு பிரம்மாண்டமான மரத்தின் உள்கூடு. நடுத்தளத்தில் ஓட்டையை மூடியபடி பெரிய சிலந்தி வலை. வாளால் வெட்டினாலும், மேலே ஏறி நின்றாலும் அது அறுபடாது. சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறினால் உச்சிக்குப் போகலாம். அங்கிருந்து எட்டிப் பார்க்கும்போது அந்த வலை நேர் கீழே தெரிகிறது. உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும் என்பதை ஆட்டம் அதற்குள் பழக்கியிருக்கும். ஆனாலும் குதிக்க வேண்டும். குதித்தால் விழும் வேகத்தில் வலை கிழிந்து, கீழே தண்ணீர் நம்மை ஏந்திக்கொள்கிறது. இங்கே திறவுகோலாக ஒரு பொருளும் இல்லை. நம் எடையும் உயரமும்தான் கருவி என்ற எண்ணம் தோன்றியதே திறவுகோல். அதே விளையாட்டின் தண்ணீர்க் கோயில் இதற்கு நேரெதிர்ப் பாடம். நீர்மட்டத்தை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கி வழி கண்டுபிடிப்பது அருமையான யோசனை. ஆனால் மூழ்குவதற்கு இரும்புக் காலணி போடவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குப் போக வேண்டியிருந்தது. யோசனையில் இருக்க வேண்டிய சிரமம் சில்லறை வேலையில் போய் விழுந்தது. 2011-ல் வந்த மறுபதிப்பில் காலணியை ஒரே தொடுதலில் மாற்றும்படி செய்தார்கள். புதிர் அப்படியே இருக்க, சலிப்பு மட்டும் குறைந்தது.

2017-ல் வந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' இன்னும் துணிந்து ஒரு காரியம் செய்தது. பழைய ஆட்டங்களில் புதுக் கருவி கிடைத்தால்தான் புது இடம் திறக்கும். இங்கே உலோகத்தை இழுக்கும் காந்தசக்தி, வெடிகுண்டு, பொருளை அசையாமல் நிறுத்தும் சக்தி, தண்ணீரில் பனித்தூண் எழுப்பும் சக்தி ஆகிய முக்கியமான நான்கும் தொடக்கப் பீடபூமியிலேயே கைக்கு வந்துவிடும். அதன்பின் பரந்த நாடு முழுவதும் சிதறிக்கிடக்கும் புதிர்க் கோயில்கள் மொத்தம் 120. மின்சாரம் பாய வேண்டிய ஓர் இடத்தில் உலோகப் பெட்டியை நகர்த்தி இணைப்பது வழக்கமான விடை. ஆனால் பையில் இருக்கும் இரும்பு வாள்களை வரிசையாகத் தரையில் போட்டாலும் மின்சாரம் பாயும், கதவு திறக்கும். இரும்பு மின்கடத்தி என்று வைத்துவிட்டால், அது எல்லா இரும்புக்கும் பொருந்த வேண்டும் என்பதில் ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் கறாராக இருந்தார்கள். அந்தக் கறார்தான் ஆடுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை.

சாவி முழுக்க முழுக்கத் தலைக்குள் வந்துசேர்ந்தது 2019-ல் வெளியான 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டில். ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேடாகத் தொடங்கி, 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த விளையாட்டு விருது வரை போனது அது. ஒரு குட்டிச் சூரிய மண்டலம். நம்மிடம் ஒரு மரக் கலம். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் அழிகிறது. மறுபடியும் தொடக்கத்தில் கண்விழிக்கிறோம். சேர்த்துவைத்த பொருள், கூடுதல் பலம், வாங்கிய ஆயுதம் என்று எதுவும் மிஞ்சாது. கண்டறிந்த செய்தி மட்டும் மிஞ்சும். கலத்தில் உள்ள பதிவேடு அதை நினைவில் வைத்திருக்கும். ஒரே ஒரு பூட்டை இங்கே திறந்துகாட்டுகிறேன். இதையும் தானே கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். பனிமூட்டமும் முள்கொடிகளும் மண்டிய ஓர் இடத்தில் ராட்சத மீன்கள் நம்மை விழுங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை வேகமாகப் பறந்தாலும் தப்ப முடியாது. வேறொரு கிரகத்தின் குகையில், எப்போதோ வாழ்ந்த ஓர் இனத்தின் குழந்தைகள் அதே மீனின் புதைபடிவத்தின் அருகே விளையாடிய குறிப்பு இருக்கிறது. மீனாக நடிக்கும் குழந்தை கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் விதி. அதைப் படித்ததும் பொறி தட்டுகிறது. அந்த மீன்களுக்குக் கண் தெரியாது, சத்தம்தான் ஆபத்து. இன்ஜினை அணைத்து மிதந்துபோனால் அவற்றின் வாயோரமாகவே கடந்துவிடலாம். கலம் மாறவில்லை, மீனும் மாறவில்லை. மாறியது நாம் அறிந்தது மட்டும். எல்லாம் தெரிந்த ஒருவர் முதல் 22 நிமிடத்திலேயே இந்த ஆட்டத்தை முடித்துவிட முடியும். தெரியாதவருக்கு இருபது மணி நேரம்கூட ஆகலாம். இடைப்பட்ட நேரம் முழுவதும் அறிவு சேர்ந்த நேரம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். விடைதான் சாவி என்றால், எல்லா விடையும் செல்போனில் கிடைக்கும் காலத்தில் இதற்கு என்ன மதிப்பு? யூடியூபில் தேடினால் முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை ஆடிக்காட்டும் வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. உண்மைதான். சுட்டுத்தள்ளும் விளையாட்டில் பிறர் ஆடியதைப் பார்த்தாலும் நம் விரல்தான் பழக வேண்டும். புதிர் விளையாட்டில் விடையைப் பார்த்துவிட்டால் ஆட வேண்டியதே மிச்சமில்லை. ஆகவே இவற்றைப் பாதுகாப்பது ஆடுகிறவரின் கட்டுப்பாடுதான். அதற்காக மணிக்கணக்கில் ஒரே சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விடைக்கும் குறிப்புக்கும் வேறுபாடு உண்டு. அவுட்டர் வைல்ட்ஸின் பதிவேடு, ஓர் இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருந்தால் அதை மட்டும் சொல்லும். என்ன பாக்கி என்று சொல்லாது. ஏற்கெனவே ஆடிமுடித்த நண்பரிடம் உதவி கேட்பதானால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கம், இவ்வகை விளையாட்டை ஆதரிப்பவர்கள் சிலர் ஒருபடி மேலே போய், இது பிள்ளைகளின் மூளையைக் கூர்மையாக்கும், கணக்கில் மதிப்பெண் கூடும் என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 11,430 பேரை ஆறு வாரம் கணினிவழி மூளைப் பயிற்சியில் ஈடுபடுத்தி 2010-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி செய்த வேலையில் அவர்கள் தேறினார்களே தவிர, அந்தத் தேர்ச்சி மற்றத் திறன்களுக்குப் பரவவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை மிகைப்படுத்தி விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம் 2016-ல் அமெரிக்க வணிகக் கண்காணிப்பு ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. புதிர் விளையாட்டை டானிக் போல விற்பது அதற்கும் அவமானம், வாங்குகிறவருக்கும் நஷ்டம். ஒரு நல்ல நாவலைப் படிக்க மதிப்பெண் காரணம் தேவையில்லை. கவனித்தோம், ஊகித்தோம், தவறினோம், மறுபடி கவனித்தோம், புரிந்தது. அந்தப் புரிதலின் மகிழ்ச்சியே போதுமான காரணம். நேரம் வீண் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மேலே சொன்ன விளையாட்டுகளுக்கெல்லாம் கதை முடியும் ஓர் இடம் இருக்கிறது. தினமும் வந்து தலைகாட்டச் சொல்லி நச்சரிப்பதோ, நடுவில் காசு கேட்பதோ இவற்றில் கிடையாது.

வலுவான ஆட்சேபம் வேறு இரண்டு. கன்சோல் விலை அதிகம் என்பது முதலாவது. அதை மறுப்பதற்கில்லை, இருக்கிற வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் பேச முடியும். சாவி விரலில் இல்லாமல் தலையில் இருப்பதால், கன்ட்ரோலர் ஒருவர் கையில் இருந்தாலும் டிவிக்கு முன்னால் இருக்கும் அத்தனை பேரும் ஆடலாம். 'அந்தச் சிலையோட கை எங்க காட்டுதுன்னு பாரு' என்று சோபாவிலிருந்து சொல்லும் பாட்டியும் ஆட்டக்காரர்தான். இரண்டாவது, மொழி. அவுட்டர் வைல்ட்ஸை ஆட நிறைய வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அது மதில் போல நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 2016-ல் ஜோனதன் ப்ளோ உருவாக்கிய 'த விட்னஸ்' பொருத்தம். ஆள் அரவமற்ற ஒரு தீவு, அங்கங்கே கோடு இழுக்கும் பலகைகள். எப்படி ஆடுவது என்று ஒரு வரிகூடச் சொல்லித்தருவதில்லை. முதல் பலகையில் நேர்கோடு, அடுத்ததில் ஒரு வளைவு. பிறகு ஓரிடத்தில் கறுப்புச் சதுரங்களும் வெள்ளைச் சதுரங்களும் வரும். இரண்டையும் கோடு பிரித்தாக வேண்டும் என்பதை வரிசையாக வைத்த பலகைகளே உணர்த்திவிடும். தீவின் நடுவிலுள்ள ஊரில் பல குறிகள் கலந்த பலகைகளோடு கதவுகள் நிற்கின்றன. முதல் நாளே அவற்றின் முன்னால் போய் நிற்கலாம், கோடும் இழுக்கலாம், கதவு அசையாது. அந்தக் குறிகளின் பொருளைத் தீவின் வெவ்வேறு மூலைகளில் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, அதே பலகையில் அதே விரலால் கோடு இழுத்தால் திறந்துவிடும்.