வாசலில் விழுந்த மைனாக் குஞ்சு

"அம்மா! சீக்கிரம் வாயேன்!"

வேடசந்தூரில் உங்கள் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசலில் வேப்பமரம். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. குரல் கேட்டுக் கரண்டியும் கையுமாக ஓடி வருகிறீர்கள். பையன் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே ஒரு மைனாக் குஞ்சு! பையன் முகத்தில்தான் எத்தனை பூரிப்பு!

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "சீ! கீழே போடு! போய்க் கையை அலம்பு!" என்பீர்களா? அல்லது, "கூண்டு வாங்கி வளர்க்கலாமடா" என்பீர்களா?

சற்றுப் பொறுங்கள். இந்த மாதிரி வேளையில் பெரியவர்கள் சொல்லும் பதில் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன்.

பம்பாயில், 1900-களின் தொடக்கத்தில், தாய் தந்தையை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தான் ஒரு சிறுவன். சுமார் பத்து வயது. ஏர்கன்னால் சிட்டுக்குருவி அடிப்பது அவனுக்கு விளையாட்டு. ஒரு நாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. 'இது என்ன குருவி?' என்று மாமா அமிருத்தீன் தயாப்ஜியிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. 'போடா, வேலையைப் பார்' என்று அவர் விரட்டினாரா? இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே காரியதரிசி மில்லார்ட் துரை குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார்.

அந்தச் சிறுவன்தான் பறவையியல் மேதை சாலிம் அலி! 1976-ல் பத்ம விபூஷண் பெற்றவர். 1985-ல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு, விழுந்த அந்தக் குருவியை நினைவூட்டும் பெயரையே வைத்தார்.

சரி, நம் மைனாவுக்கு வருவோம். இறகு முளைக்காத குஞ்சானால், எட்டும் உயரத்தில் கூடு இருந்தால், மெதுவாக அதிலேயே வைத்துவிடுங்கள். 'மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது' என்பது வெறும் பேச்சு. வாசனைக்காகத் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்குவதில்லை. இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருக்கிறதா? அது பறக்கப் பழகும் குஞ்சு. பூனைக்கு எட்டாத நிழலான கிளையில் வைத்துவிட்டு விலகி வாருங்கள். கூட்டைவிட்டு வந்த பிறகும் தாயும் தகப்பனும் இரை கொண்டுவந்து ஊட்டும்.

பரிதாபப்பட்டு வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால் புரையேறிச் செத்துவிடும். பூனை கடித்திருந்தாலோ சிறகு ஒடிந்திருந்தாலோ, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்ப்பியுங்கள்.

கூண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். நம் நாட்டு மைனாவையும் கிளியையும் பிடித்து அடைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?" என்று பையன் முகம் வாடுமே? கையைச் சோப்புப் போட்டு அலம்பச் சொல்லுங்கள். பிறகு ஜன்னலோரம் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, "தாய் எத்தனை தரம் வருகிறது, வாயில் என்ன கொண்டுவருகிறது, எண்ணு பார்ப்போம்!" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை கண்ணா, கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லக் கூசாதீர்கள். மாமா தயாப்ஜி சொன்னதும் அதுதானே?

சாம்பார் அன்று கொஞ்சம் அடிப்பிடித்தால் பிடிக்கட்டுமே!