காற்றைத் திரவமாக்கும் ஆலையும் நமது கறவைப் பசுவும்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளை அங்கத்தினர்களில் பலரும் பார்த்திருப்பர். மோட்டார் வாகனங்களும் கண்ணாடியும் செய்யும் அவ்வட்டாரத்தில் ஒரு மூலப்பொருள் மட்டும் விலையின்றிக் கிடைக்கிறது. அது காற்று. காற்றைக் கடுங்குளிரால் திரவமாக்கிப் பிரிக்கும் கலையே கிரையோஜெனிக் பொறியியல். இக்கலை இன்று பால் உற்பத்தியாளரின் தொழுவம் வரை வந்துள்ளதால், நாம் அறிய வேண்டியவை சில உண்டு.

காற்றைப் பிரிக்கும் முறை

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு, ஏறத்தாழ 1 பங்கு ஆர்கான். காற்றை அழுத்தி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, பின்னர் விரியச் செய்தால் அது குளிர்ந்து திரவமாகிறது. இவ்வகையில் பெருமளவில் காற்றைத் திரவமாக்கும் வழியை 1895-ல் ஜெர்மானியரான லிண்டே கண்டார். பிராணவாயு பூஜ்யத்திற்குக் கீழே 183 டிகிரியிலும், ஆர்கான் 186 டிகிரியிலும், நைட்ரஜன் 196 டிகிரியிலும் கொதிக்கின்றன. நெய்த துணியிலிருந்து இழையை இழையாக உருவுவதுபோல், இவ்வேறுபாட்டைக் கொண்டு உயர்ந்த கோபுரங்களில் அவற்றைத் தனித்தனியே எடுக்கின்றனர். ஆர்கான் பற்றவைப்புக்கும், பிராணவாயு இரும்பை வெட்டவும் பயன்படுகின்றன. தகட்டுக் கண்ணாடி ஆலைகளில் உருகிய வெள்ளீயம் கெடாதவாறு நைட்ரஜன் காக்கிறது.

ஒரு லிட்டர் திரவப் பிராணவாயு சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். 2021-ம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் திரவப் பிராணவாயுவை அண்டை மாநிலங்களுக்குத் திருப்பியதை ஆட்சேபித்து, அப்போதைய முதலமைச்சர் திரு. எடப்பாடி பழனிசாமி ஏப்ரலில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அத்திரவத்தின் அருமையை நாடு அன்று உணர்ந்தது.

தொழுவத்திற்கு வந்த குளிர்

1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர், கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைந்து இளகிய பின்னும் உயிருடன் இருக்கும் எனக் கண்டனர். இன்று உயர்ந்த காளையின் விந்து, கால் மில்லி லிட்டர் கொள்ளும் மெல்லிய குச்சிகளில் உறையவைக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் காக்கப்படுகிறது. அதைத் தாங்கும் கலம், ஜேம்ஸ் டூவர் 1892-ல் அமைத்த இரட்டைச் சுவர்க் குடுவையின் வழிவந்தது. சுவர்களுக்கிடையே காற்றே இல்லாமையால் வெளிவெப்பம் எளிதில் உட்புகாது. நாம் காப்பி வைக்கும் பிளாஸ்கும் அத்தகையதே.

ஆயினும் திரவம் நாள்தோறும் சிறிது சிறிதாக ஆவியாகும். அது வற்றினால் குச்சிகள் யாவும் கெடும். இளகியதை மீண்டும் உறையவைத்துப் பயனில்லை. கெட்ட குச்சியால் ஊசி போடப்பட்ட பசு சினைப்படாமல், அடுத்த பருவத்திற்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்கும். தீவனச் செலவு மட்டும் நிற்காது. தறியுடன் ஒரே பசுவையும் வைத்துப் பிழைக்கும் நெசவாளர் குடும்பத்திற்கு இது சிறு நஷ்டமன்று.

சங்கம் செய்ய வேண்டியது

தணிக்கையில் ரொக்கத்தையும் சரக்கிருப்பையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். கலம் வைத்திருக்கும் சங்கங்கள் திரவத்தின் இருப்பையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். உலர்ந்த மரக்கோலைச் சில விநாடிகள் அமிழ்த்தி எடுத்தால், பனி படிந்த அளவே திரவத்தின் மட்டம். தேதியிட்டு அதை ஏட்டில் எழுதுக. கலத்தின் வெளிப்புறத்தில் பனி பூத்தால் சுவர் பழுதுற்றது. குச்சிகளை உடனே வேறு கலத்திற்கு மாற்றுக.

மூடியை இறுக அடைத்தல் கூடாது. ஆவி வெளியேறாவிடில் கலம் வெடிக்கும். காற்றோட்டமற்ற அறையில் கலத்தை வைத்தால், பெருகும் நைட்ரஜன் மூச்சுத்திணறலை உண்டாக்கும். வெறுங்கையால் திரவத்தைத் தொடுதல் ஆகாது. குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி இளக்கிய பின்னரே பயன்படுத்துகிறாரா என்று அங்கத்தினர் அருகிலிருந்து கவனிக்கலாம், கேட்கவும் உரிமையுண்டு.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இவ்வேட்டைத் தொடங்கத் தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குத் தேவை ஒரு கோலும் ஒரு நோட்டுப் புத்தகமுமே.