அடுக்கு நிலச்சம்பங்கி

அடுக்கு நிலச்சம்பங்கி என்பது பல வரிசை இதழ்களைக் கொண்ட நிலச்சம்பங்கி வகையாகும். இச்செடியின் தாயகம் மெக்சிகோ. ஒற்றை வகைப் பூவில் ஆறு இதழ்கள் மட்டுமே காணப்படும்.

இனப்பெருக்கம்

பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றை வகையையும் அடுக்கு வகையையும் கலந்து சிருங்கார், சுவாசினி ஆகிய இரகங்களை உருவாக்கியது. இவற்றுள் சிருங்கார் ஒற்றைப் பூவையும், சுவாசினி அடுக்குப் பூவையும் தருகின்றன. கலப்பு விதையில் முளைக்கும் நாற்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே தேர்ந்தெடுத்த செடி கிழங்கு மூலமே பெருக்கப்படுகிறது. அதனால் பூவின் வடிவம் மாறுவதில்லை.

பயன்

ஒற்றைப் பூ மாலை கட்டவும் நறுமண எண்ணெய் எடுக்கவும் உதவுகிறது. அடுக்குப் பூ தண்டோடு வெட்டப்பட்டுப் பூச்சாடிகளிலும் மேடை அலங்காரத்திலும் இடம்பெறுகிறது. உதிரிப்பூச் சந்தையை நம்பும் உழவர்களுக்கு ஒற்றை இரகமே ஏற்றது. ஆகவே கிழங்கு வாங்கும் முன்பே சந்தையை முடிவு செய்துகொள்ள வேண்டும்.