உள்ளங்கையில் ஓர் உள்ளான்

புரட்டாசி அமாவாசை. கோடியக்கரை ஆதிசேதுவில் தீர்த்தமாட வந்த கூட்டம் மத்தியானத்துக்குள் பஸ் ஏறிப் போய்விட்டது. பறவைகளைப் பிடித்து வளையமிட வந்த நாங்கள் இருட்டுக்காகக் காத்துக்கிடந்தோம். நிலா இருந்தால் வலை பறவையின் கண்ணில் பட்டுவிடும், அது சட்டென்று விலகிவிடும். அதனால் முன்னோருக்கு உகந்த நாள்தான் பறவை பிடிக்கிறவர்களுக்கும் உகந்த நாள்! இதைக் கேட்டதிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தரை என்றால் அங்கே சேறுதான். கெண்டைக்கால் வரை இழுக்கிற, உப்பு வாடை வீசுகிற கறுப்புச் சேறு. அதில் வரிசையாக மூங்கில் கழிகளை ஊன்றி மிஸ்ட் நெட் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலை. அடுக்கடுக்காகப் பைபோல் தொங்கும். பறந்து வருகிற பறவை மோதி, வழுக்கி, அந்தப் பைக்குள் விழுந்து தூளியில் கிடப்பதுபோல் கிடக்கும். ரொம்ப நேரம் விட்டுவைக்கக் கூடாது, பதறிப்போகும். அதனால் ராத்திரி முழுக்க நடைதான். போவது, பார்ப்பது, எடுப்பது, திரும்புவது.

முதல் சுற்றிலேயே சிக்கியது! டார்ச் வெளிச்சத்தில் ஒரு சாம்பல் நிற உருண்டை. வலைக்காரர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், குனிந்து வேலையை ஆரம்பித்தார். நான் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன்.

“அவசரப்படாதீங்க தம்பி. எந்தப் பக்கமா உள்ளே போச்சோ, அந்தப் பக்கமாத்தான் வெளியே வரும். மொதல்ல காலு, அப்பறம் ரெக்கை, தலை கடைசி.”

“வலிக்காதாண்ணே?”

“வலிச்சா நான் எதுக்கு?”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் முதுகு, மற்ற விரல்கள் மேலே மெல்ல மூடியபடி. பறவை துளி நசுங்காமல், துளி நழுவாமல் இருந்தது. இந்தப் பிடிக்குள் எத்தனை தலைமுறைப் பழக்கம் இருக்கிறது! பீகாரின் மீர்ஷிகார் சமூகத்து அலி உசேன் போன்ற பரம்பரைப் பறவைபிடிப்பாளர்கள்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆராய்ச்சிகளுக்குக் கைகளாக இருந்தார்கள். விற்பதற்காகப் பறவை பிடித்த வித்தை, திருப்பி விடுவதற்காகப் பிடிக்கிற வித்தையாக மாறிய கதை அது. எனக்கு அதைவிடப் பிடித்த கதை இந்தத் துறையில் கிடையாது.

துணிப்பைக்குள் பறவையைப் போட்டு, கரையில் இருந்த மேஜைக்குக் கொண்டுபோனோம். மேஜையென்றால் ஒரு பலகை, ஒரு விளக்கு, பெரிய பதிவேடு ஒன்று. எனக்கு அதுதான் மேடைத் திரையின் பின்புறம்! வேலை வரிசையாக நடந்தது. முதலில் அலுமினிய வளையம். ஒவ்வொன்றிலும் தனி எண்ணும், பம்பாய் கழகத்துக்குத் தகவல் சொல்லும்படி ஒரு வரியும் பொறித்திருக்கும். இடுக்கியால் காலில் பூட்டிவிட்டு, வளையம் தடையில்லாமல் சுழல்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பிறகு இறக்கையின் நீளம், அலகின் நீளம். அடுத்து எடை. கூம்பு மாதிரி ஒரு பையில் தலைகீழாக நுழைத்துத் தராசில் தொங்கவிட்டதும் அது அசையாமல் அமைதியாகிவிட்டது. கொசு உள்ளான், எடை 25 கிராமுக்குள்! இந்தச் சின்ன உடம்பு வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. மேஜையில் இருந்த பெண் ஆய்வாளர், பறவையின் நெஞ்சை முகத்தருகே கொண்டுவந்து, சூடான பால் ஆற்றுவதுபோல் ‘ஃபூ’ என்று ஊதினார். இறகுகள் இரண்டாகப் பிரிந்தன. கழுத்தெலும்புக் குழியில், மெல்லிய தோலுக்கு அடியில், வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஒரு திட்டு.

“பாத்தீங்களா? இதுதான் பெட்ரோல்.”

கொழுப்பு! வலசை கிளம்பும் முன் இந்தக் குழி நிரம்பி வழிந்து மேடாகிவிடுமாம். சற்றுப் பெரிய வளையலகு உள்ளான் சாதாரண நாளில் சுமார் 60 கிராம். கிளம்புகிற சித்திரை வாக்கில் 80ஐத் தாண்டிவிடும். சில இனங்கள் நெடும் பயணத்துக்கு முன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொள்கின்றன. பாரம் குறைய வேண்டுமே! 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. அப்போது அதற்கு வயது 5 மாதம்!

இந்த வேலை இங்கே வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு காய்ச்சல் இருக்கிறது. 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. அந்த வைரஸ் ரஷ்யாவில் இருந்த ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவாக இருந்ததால், உண்ணிகளைச் சுமந்து வந்தது வலசைப் பறவைகளோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் பெரிய அளவில் வளையமிடும் திட்டம் தொடங்கியது. கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது.

சரி, மேஜைக்குத் திரும்புவோம். இப்போது அங்கே வளையலகு உள்ளான். ஆய்வாளர் அதன் இறக்கையை விசிறிபோல் விரித்தார். பத்து முதன்மை இறகுகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்: பழைய இறகுக்கு 0, முழுசாக வளர்ந்த புதுசுக்கு 5. பாதி வளர்ந்தது உறையிலிருந்து தூரிகை முனைபோல் எட்டிப்பார்க்கும். பத்தும் புதுசானால் 50க்கு 50! பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த மாணவர் எழுதிக்கொண்டே போனார்.

அந்த இறகுகளே வயதையும் சொல்லிவிடுகின்றன. இந்த வருஷத்துக் குஞ்சென்றால் மேலிறகுகளின் ஓரத்தில் சிப்பி வரைந்ததுபோல் வெளிர் விளிம்பு இருக்கும். இதைக் குறித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வந்த பதிலில் எனக்குப் புல்லரித்துவிட்டது.

வளையலகு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் தைமிர் பக்கம், இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே லெம்மிங் என்ற எலி இனம் சில வருஷம் பெருகும், சில வருஷம் சரியும். பெருகினால் துருவ நரிக்கு அதுவே சாப்பாடு. சரிந்தால் நரி உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடிப்போகிறது. ஆக, எலி பெருத்த வருஷம் தெற்குக் கரைகளில் இளம் பறவைகள் நிறைய வந்திறங்குகின்றன. எலி சரிந்த வருஷம் அநேகமாகக் கிழங்கள் மட்டும்! வேதாரண்யம் சேற்றில் உட்கார்ந்து இறகோரத்தைப் பார்த்தே சைபீரியாவில் இந்தக் கோடையில் எலி எப்படி என்று ஊகிக்கலாம்! நான் எழுந்து நின்றே விட்டேன். இன்னொன்றும் சொன்னார்கள்: ஆண் பறவைகள் முதலில் கிளம்பிவிடும், பின்னால் தாய்ப் பறவைகள். குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் தனியாக இமயத்தைத் தாண்டி இங்கே வந்து சேர்கின்றன.

வந்து சேர்ந்தால் சாப்பாடு இருக்க வேண்டும். இந்தப் பெரும் வேதாரண்யம் சதுப்பு விசித்திரமான இடம். கடலலை நாள்தோறும் ஏறி இறங்குகிற இடமில்லை. காற்று கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வரும், ஐப்பசி கார்த்திகை மழை நன்னீரைக் கொட்டும். இரண்டும் கலக்கிற பதத்தில்தான் சேற்றுப் புழுக்களும் பூச்சிப் புழுக்களும் கொழிக்கின்றன. உப்பு ஏறினால் அவை மடியும். மேலேயிருந்து வரும் காவிரி நன்னீர் குறையக் குறைய உப்பு ஏறுகிறது, சுற்றிலும் உப்பளங்கள் வேறு. 1980களில் இங்கே திரண்ட கரைப்பறவைக் கூட்டம் இன்று இல்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டிக் காட்டியபோது அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கும் நெஞ்சு கனத்தது. காவிரியின் கடைமடை வயலோடு முடிவதில்லை, இந்தப் புழுக்கள் வரைக்கும் வருகிறது.

மூன்று மணி இருக்கும். வலைப்பக்கமிருந்து குரல்.

“மேடம், இதுல வளையம் இருக்கு!”

எல்லோரும் ஓடினோம். வளையலகு உள்ளான்தான். உப்பும் சேறும் தின்று தேய்ந்த வளையம், காகிதம்போல் மெலிந்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து, ஒவ்வோர் எண்ணாக வாசித்தார்கள். கடைசி எண் 3ஆ 8ஆ? மூன்று பேர் மாறிமாறிப் பார்த்தோம். எட்டு! பதிவேட்டில் தேடினோம். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில், அதே உப்பளத்து ஓரம். ஒன்பது முறை போய், ஒன்பது முறை வந்திருக்கிறது. மனக்கணக்குப் போட்டேன்: ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர்! பூமியை மூன்று முறை சுற்றியதற்குச் சமம், அதுவும் இந்த ஓரத்துக்கே திரும்பி.

தேய்ந்ததைக் கழற்றிப் புது வளையம் பூட்டினார்கள். விடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வானத்தில் வீசக் கூடாது, தரையில் வைக்க வேண்டும் என்றார் பெரியவர். விளக்குகளை அணைத்தோம், அதன் கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று. சேற்றை ஒட்டிக் கையைத் திறந்தேன். இதயம் படபடவென்று என் விரலில் அடித்தது. பறவை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இறகைச் சிலிர்த்தது. கையிலிருந்த சூடு போனது. தூரத்து இருட்டிலிருந்து ‘சிர்ரிப்’ என்று ஒரு சத்தம் வந்தது.